மாப்பிள்ளை வீட்டுக்குப் போன மலைகள்

எங்கள் தாய்நாட்டை வரைந்தவர் ஒரு சிசிலிக் கிழவர். நாப்போலிக்குக்கூடக் கப்பல் ஏறியதில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். பொம்மலாட்டக் கொட்டகைகளுக்குச் சீன் கீறுவது, பின்திரை வரைவது, அவருடைய தொழில். தகரக் கவசம் போட்ட பொம்மைகள் வாள் சுழற்றிச் சண்டை பிடிக்கும்போது பின்னால் ஒரு கோட்டையோ காடோ கடலோ தெரிய வேண்டும். அவற்றைக் கீறுவார். பலேர்மோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தார் அவரிடம்தான் போய், கலைவிழா மேடைக்கு எங்கள் நாட்டைக் கீறித் தரும்படி கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் சண்டை, சனம் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்தது. பலேர்மோவில் நாங்கள் கிழமை நாட்களில் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்தோம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் நாட்டைப் பற்றிக் கதைத்தோம். அந்தக் கூட்டங்கள் அல்பெர்கேரியாப் பகுதியில் அண்ணாவின் வீட்டில் நடக்கும். நான் தேத்தண்ணீர் கொடுப்பேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காது மட்டும் திறந்திருக்கும்.

சீனில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் பேசினார்கள்.

"பனை வேணும். பனை இல்லாட்டி அது எங்கடை நாடில்லை," என்றார் தலைவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர். சங்கத்தில் மட்டும் தலைவர்.

"குடத்தோடை ஒரு பெட்டைப்பிள்ளை."

"மயில் ஒண்டு நிக்கட்டும்."

"அருவி ஒண்டு விழட்டும் அண்ணை. பின்னாலை, மலையிலை இருந்து."

அண்ணாதான் கேட்டார். "வடக்கிலை எங்கையடாப்பா அருவி? மலை எங்கை இருக்கு?"

"இருந்தால் என்ன இல்லாட்டி என்ன. இத்தாலிக்காரர் பாக்க வருவினம். மொட்டை வெளியைக் காட்டினால் இதுக்கோ இவ்வளவு சண்டை எண்டு கேப்பினம்."

"மன்னார் ஆக்களைக் கேட்டால் கழுதையும் கீறச் சொல்லுவினம்," என்றார் ஒருவர் எங்கள் அண்ணாவைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தார். மன்னார் தெருக்களில் கழுதைகள் உண்டுதான். எங்கள் வீட்டு வேலிக்கு முன்னால் படுத்துக் கிடக்கும். ஒருவரும் அவற்றை நாடு என்று சொல்வதில்லை. நாடு என்றால் மயில். நான் என் வாழ்நாளில் எங்கள் ஊரில் கண்ட மயில் கோவில் பட்டுத் துணியில் தைத்திருந்ததுதான்.

கிழவருக்கு ஒரு கலண்டர் படத்தைக் கொடுத்து, மிச்சத்தை அண்ணா இத்தாலியனில் விளங்கப்படுத்தினார். பனை என்றதும் கிழவர் தலையாட்டினார். பலேர்மோவில் பணக்காரர் வீட்டு முற்றங்களில் நிற்கிற ஈச்ச மரத்தைத்தான் அவர் நினைத்திருக்கிறார். தலை விரித்த, அடி பருத்த ஈச்ச மரங்கள் வரிசையாக வந்தன. கடலைக் கீறியதும், அதன் ஒரு பக்கத்தில் பலேர்மோ குடாவின் ஓரத்தில் நிற்கிற பெல்லெக்ரீனோ மலையைக் கீறிவிட்டார். பிறந்ததில் இருந்து கடலைப் பார்த்தால் அந்த மலையும் தெரிகிற ஆள். கை தன்பாட்டில் போயிருக்கும். சங்கத்தார் கேட்ட அருவி அந்த மலையில் இருந்து விழுந்தது.

கோவில் மண்டபத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்ட நாளில் முதலில் சனம் கதிரைகளை விட்டு எழும்பியது. பிறகு பின்வரிசையில் யாரோ அழத் தொடங்கினார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, இந்த மண்ணுக்காகத்தான் இவ்வளவும் என்றார். தினமும் பேருந்தின் ஜன்னலில் தெரிகிற மலை அது. அதைப் பார்த்து என் சனம் அழுதது. எங்கள் மாடிக்கு மேல்மாடியில் இருந்த மொரீசியஸ் தமிழ்ப் பெண்ணும் வந்திருந்தாள். எங்கள் நாட்டை அவள் கண்டதில்லை. அவளுடைய தாத்தாவின் தாத்தா எந்த ஊர் என்றும் அவளுக்குத் தெரியாது. என் கையைப் பிடித்து, "இது எங்கள் போர்ட் லூயி மலை, அப்படியே இருக்கிறது," என்று இத்தாலியனில் சொன்னாள். கண்ணைத் துடைத்தும் கொண்டாள். ஒரு மலையை எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் நாடு என்று சொல்லி அழலாம் என்பதை அன்று பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்க்காமல் இருந்தால் போதும்.

விழா முடிந்ததும் அந்தச் சீனைச் சங்கத்தின் படக்காரர் தன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். பல்லாறோ சந்தைக்குப் பின்னால், ஒரு குறுகிய ஒழுங்கையில், மீன்காரனின் ஐஸ்கட்டித் தண்ணீர் வாசல்படியை நனைக்கிற ஒரு அறை அது. பிறந்தநாள், முதல் நன்மை, ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் சனம் அதன் முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியது. ஊர் ஸ்டூடியோக்களில் லண்டன் பாலமும் வெள்ளைக்காரன் வீட்டு மாடிப்படியும் தொங்கும். அங்கே நின்றவர்கள் வெளிநாட்டின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். வெளிநாட்டுக்கு வந்தவர்கள் ஊரின் முன்னால் நின்று எடுத்து, ஊரில் இருப்பவர்களுக்கே அனுப்பினார்கள். இதில் என்ன குறை என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் எனக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை ஜெர்மனியில். பேக்கரி ஒன்றில் வேலை. எங்கள் பக்கத்து ஆள், எங்கள் வேதம். அவருடைய தாய் இடம்பெயர்ந்து கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தா. அண்ணியின் பெரியம்மாவும் அதே ஒழுங்கையில் இருந்ததால் பேச்சு அவ மூலம் நடந்தது. எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. முன்பு பேசியவை ஒவ்வொன்றாக விலகிப் போயிருந்தன. இதுவும் போனால் இனிப் பேச மாட்டார்கள் என்பது அண்ணிக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

எனக்கு அந்தக் கலியாணம் வேண்டியிருந்தது. கிழமை முழுவதும் நான் வேலை செய்த இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில், குசினிக்குப் பின்னால், துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் படுத்தேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் அண்ணா வீட்டில், பிள்ளைகளின் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் படுத்தேன். நான் பூட்டித் திறக்கிற ஒரு கதவு எங்கும் இல்லை. மாப்பிள்ளை நல்லவரா, கெட்டவரா என்பது பிறகு வருகிற கேள்வி. முதலில் கதவு.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான். முழு உருவப் படம். பெண்ணின் உயரம் தெரிய வேண்டும், உண்மையிலேயே இத்தாலியில்தான் இருக்கிறாள் என்பதும் தெரிய வேண்டும். பெண் வெளிநாட்டில் இருக்கிறாள், வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊரில் இருக்கிற பெண்ணைக் கட்டிவைத்து, கூப்பிடுகிற செலவை மாப்பிள்ளையின் தலையில் போட்ட கதைகள் அப்போது நிறைய. அந்தத் தாய் பயந்ததில் பிழை இல்லை.

அண்ணி என்னைப் படக்காரரிடம் கூட்டிப் போனா. தங்கக் கரைச் சேலை, தலையில் பூ. படக்காரர் கமெராவைச் சுவரோடு சுவராகப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

"கொஞ்சம் இடப்பக்கம் தங்கச்சி. மயிலை மறைக்கிறீங்கள்."

நகர்ந்தேன்.

"இப்ப அருவியை மறைக்கிறீங்கள்."

"அவளை எங்கைதான் நிக்கச் சொல்லுறீங்கள்?" என்றா அண்ணி.

"அந்தக் குடத்துப் பெட்டைக்கும் பனைக்கும் இடையிலை. ஓம், அதிலை. சிரியுங்கோ தங்கச்சி, நாட்டிலை நிக்கிறமாதிரி."

நாட்டில் நான் சிரித்துக்கொண்டு நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் சிரித்தேன். படம் கழுவி வந்தபோது அதில் மயில் நன்றாக இருந்தது.

கொழும்பில் இருந்து பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணி தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தா.

"என்னவாம்?" என்றார் அண்ணா.

"பெட்டை இத்தாலியிலை எண்டு சொன்னீங்கள், மன்னாரிலை படம் எடுத்து அனுப்பியிருக்கிறீங்கள் எண்டு கேக்கினமாம்."

"மன்னாரிலை எங்கை மலை?"

"பெரியம்மா அதையும் கேட்டவவாம். அதுக்கு மாப்பிள்ளையின்ரை தாய் சொன்னவவாம், ஸ்டூடியோ சீன் எண்டு எங்களுக்குத் தெரியாதோ, வவுனியா ஸ்டூடியோவிலையும் இதுதான் தொங்குது எண்டு."

பலேர்மோவின் மலை, பலேர்மோவின் ஈச்ச மரம், பலேர்மோக் கிழவர். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து எங்கள் ஊர் என்று காட்டியதில், நான் பலேர்மோவில் இருப்பதை யாரும் நம்பவில்லை. அண்ணாவுக்குத் தலைவர் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது பெருமை. "பாத்தியளே, அவ்வளவு தத்ரூபமாய்க் கீறியிருக்கிறார்," என்றார்.

அடுத்த நாள் வேலை வீட்டில் என் முகத்தைப் பார்த்துச் சிஞ்ஞோரா காரணம் கேட்டா. படம், கலியாணம், இத்தாலி என்று மூன்று சொல்லில் சொன்னேன். அவ கையைத் தட்டினா. இத்தாலிதானே வேண்டும், இத்தாலி எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறதே என்றா.

அந்த ஓவியத்தை நான் கிழமைக்கு ஒரு தடவை தூசு தட்டுவேன். சட்டத்தின் பொன்முலாம் என் கையைவிட அகலம். பழைய கோவில் ஒன்று இடிந்து கிடக்கிறது. தூண்கள் சில நிற்கின்றன, சில விழுந்து கிடக்கின்றன. அந்தி வெயில் எல்லாவற்றுக்கும் நெய் பூசியிருக்கிறது. ஆடுகள் நிற்கின்றன. மேய்ப்பவன் மரத்தடியில் நித்திரை. ஒரு பெண் இடுப்பில் செம்புக் குடத்தோடு ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள். கால் வெறுங்கால், ஆனால் சேறு இல்லை. ஆடுகளைச் சுற்றி மொய்க்க ஒரு இலையான்கூட இல்லை.

வீட்டுக்கு வருகிற எல்லா விருந்தாளிக்கும் ஐயா அந்தப் படத்தைக் காட்டுவார். சிஞ்ஞோராவின் கணவரை நான் ஐயா என்றே மனதில் கூப்பிட்டேன். இத்தாலி ஒரு நாடாகச் சேர்ந்த புதிதில் அவருடைய பூட்டனார் வாங்கிய படமாம். "நாடு பிறந்துவிட்டது, ஆனால் அதன் முகம் எப்படி இருக்கும் என்று சனங்களுக்குத் தெரியாது. ஓவியர்கள்தான் காட்டினார்கள்," என்பார். விருந்தாளிகள் கோப்பையோடு தலையாட்டுவார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் அதே ஐயா ரோமைத் திட்டுவார், மிலானைத் திட்டுவார். தொலைக்காட்சியில் வடக்கத்தியான் ஒருவன், அரசியல்காரன், பலேர்மோ கிடக்கிற தெற்கை வெட்டி விட்டால்தான் இத்தாலி உருப்படும் என்று சொன்ன நாளில் கரண்டியை எறிந்தார். பிறகு கோப்பி குடிக்க வரவேற்பறைக்கு வந்து, படத்தின் முன்னால் அமர்ந்து, மறுபடியும் இத்தாலியர் ஆனார். அந்த நெய் வெயில் அவருக்கு ஒரு மருந்து மாதிரி. வேளாவேளைக்கு எடுத்தார்.

சேலையை வீட்டில் இருந்து கொண்டு வந்து கட்டினேன். ஐயாவே தன் கமெராவை எடுத்தார். படத்தின் சட்டம் முழுவதும் விழ வேண்டும் என்று பின்னால், பின்னால் போய் வாசல் நிலையில் முதுகு முட்டினார்.

"கொஞ்சம் தள்ளி நில். கோவிலை மறைக்கிறாய்."

பிறகு சிஞ்ஞோராவுக்கு ஒரு யோசனை வந்தது. குசினிச் சுவரில் அழகுக்குத் தொங்கவிட்டிருந்த செம்புக் குடத்தை எடுத்து வந்து என் இடுப்பில் வைத்தா. "அந்தப் பெண்ணைப் போலவே இருக்கிறாய். பார், அவளும் நீயும் சகோதரிகள் மாதிரி." ஐயா "அற்புதம், அற்புதம்" என்று மூன்று தடவை அமுக்கினார். அவர்களுக்கு என் மேல் உண்மையில் அன்புதான். அந்த அன்பில் நான் ஒரு குடத்தோடு நின்றேன். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லாமல் விட்டார்களே என்று இருந்தது.

அண்ணிக்கு அந்தப் படம் பிடித்தது. பெரிய வீடு தெரிகிறது, தரையில் சலவைக்கல் தெரிகிறது என்றா. அனுப்பினோம்.

இந்தத் தடவை பெரியம்மா வரி வரியாகச் சொன்னாவாம். அண்ணி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே எங்களுக்கு ஒப்புவித்தா.

"அந்த வீட்டுக்கு எப்ப செல் குண்டு விழுந்தது எண்டு கேக்கினமாம்."

"எந்த வீட்டுக்கு?" என்றார் அண்ணா.

"பின்னாலை இடிஞ்சு கிடக்கிற வீட்டுக்கு. கூரையும் இல்லையாம். தூண் மட்டும் நிக்குதாம். பெட்டை தண்ணிக் குடத்தோடை நிக்கிறாளாம், பக்கத்திலை ஆடாம், ஆம்பிளை ஒருத்தன் வேலைவெட்டி இல்லாமல் படுத்திருக்கிறானாம். மடுவிலை அகதி முகாமிலை நிண்டு எடுத்த படம் எண்டு அடிச்சுச் சொல்லுறாவாம் மனுசி. அங்கை நாங்களும் இருந்தனாங்கள், எங்களுக்கே சுத்துறீங்களோ எண்டு."

அண்ணா படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். படத்தில் சட்டம் மங்கலாக விழுந்திருந்தது. அந்த மனுசி சொன்ன எல்லாம் அதில் இருந்தது. ஐயாவின் பூட்டனாரும் அவருடைய விருந்தாளிகளும் அத்தனை வருடமாகப் பார்த்தும் காணாததை, கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்துகொண்டு அந்தத் தாய் ஒரே பார்வையில் கண்டிருந்தா. கூரை இல்லாத வீட்டை அவ அழகென்று பார்க்க முடியாது. அவவும் அப்படி ஒரு வீட்டை விட்டுத்தான் வந்தவ.

எனக்கு அவ மேல் அன்றைக்கு மரியாதை வந்தது. அதே நேரம் கலியாணம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"இனி ஒரு படம்தான்," என்றா அண்ணி. "இதுக்கு மேலை பெரியம்மா பேச மாட்டா. அவவுக்கும் வெக்கமாக் கிடக்காம்."

படக்காரர்தான் வழி சொன்னார். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பயணச்சீட்டுக் கடை ஒன்று மூடியபோது வெளியே எறிந்த ஒரு பெரிய சுவர்ப்படம் அவரிடம் இருந்தது. பனிமலை. அடியில் பைன் மரங்கள், மர வீடு, புகைபோக்கியில் நீலப் புகை. கீழே சிவப்பில் இருந்த விளம்பர எழுத்துகளை மறைக்கப் பிளாஸ்டிக் பூச்சாடிகளை வரிசையாக வைத்தார்.

"பலேர்மோவிலை எங்கை பனி?" என்று நான் கேட்டுவிட்டேன். வாய் தவறி.

"இத்தாலியிலை இருக்குத்தானே," என்றார் அண்ணா. "வடக்கிலை."

தெற்கை வெட்டி விடவேண்டும் என்று சொன்ன அந்த வடக்கத்தியானின் மலை. பலேர்மோவில் இருக்கிற நான் இத்தாலியில் இருப்பதாகக் காட்ட, பலேர்மோவை இத்தாலியாக எண்ணாதவனின் மலைக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. ஐயா கேட்டிருந்தால் இன்னொரு கரண்டி எறிந்திருப்பார்.

ஆகஸ்ட் மாதம். ஆப்பிரிக்காப் பக்கம் இருந்து வருகிற சிறோக்கோக் காற்று சந்தைக் குப்பையை எல்லாம் ஒழுங்கைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக் கதவைச் சாத்தியதும் உள்ளே அடுப்பு மாதிரி. என் கழுத்தில் பவுடர் கோடு கோடாக வழிந்தது. படக்காரர் மின்விசிறியை என் சேலைத் தலைப்புக்கு நேரே திருப்பினார், பனிக்காற்று அடிப்பது போல் இருக்கட்டும் என்று.

"குளிருற மாதிரி நில்லுங்கோ தங்கச்சி."

"அதென்னெண்டு நிக்கிறது?" என்றா அண்ணி.

"தோளைக் கொஞ்சம் குறுக்கிறது. அதுக்காகத் தலையைக் குனிய வேண்டாம். மலையின்ரை உச்சி வரேல்லை, இன்னும் பின்னுக்குப் போறன்."

மூன்றாவது தடவையாக ஒரு கமெரா என்னை விட்டுப் பின்னால் போனது.

கொழும்பில் அந்தப் படம் வென்றது. இப்போதுதான் வெளிநாட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறாள் என்றாவாம் அந்தத் தாய். நிறம்கூட வந்துவிட்டதாம். என்னைப் பற்றி அவவுக்கு இருந்த நியாயமான பயம் எல்லாம் ஒரு பயணச்சீட்டுக் கடையின் குப்பையில் தீர்ந்துபோனது. எனக்கு அவ மேல் வந்த மரியாதையும் அதோடு தீர்ந்தது. செல் விழுந்த வீட்டை அடையாளம் கண்ட கண், பனியைக் கண்டதும் குருடாகிவிட்டது. அவ பனியைப் பார்த்ததில்லை. பார்க்காததைத்தான் சனம் நம்புகிறது.

அண்ணி பால்சோறு காய்ச்சினா. அண்ணா கோவிலில் சுவாமியாரிடம் கலியாணத்துக்கு நாள் கேட்க வேண்டும் என்றார். தலைவர் வந்து அண்ணாவின் முதுகில் தட்டி, "பாத்தியளே, கடைசியிலை வெள்ளைக்காரன்ரை மலைதான் எங்கடை பெட்டைக்குக் கைகுடுத்தது," என்றார். அவர் அதை வருத்தமாகச் சொன்னாரா, சந்தோசமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கும் தெரிந்திராது.

அதற்கு இரண்டு ஞாயிறு கழித்து மாப்பிள்ளையே தொலைபேசி எடுத்தார். அதுவரை அவர் என்னோடு கதைத்ததில்லை. அண்ணா வாங்கிக் கதைத்துவிட்டு, என் கையில் திணித்தார். அண்ணி குழந்தைகளைப் பிடித்து மற்ற அறைக்குள் தள்ளிவிட்டு, கதவோரமாகத் தான் நின்றுகொண்டா.

"ஹலோ," என்றார். தடிமனில் மூக்கடைத்த குரல்.

"ம்."

"படம் அம்மா இஞ்சை அனுப்பினவ. பனிப் படம்."

"ம்."

"காலிலை செருப்போடை நிக்கிறீங்கள்."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"இஞ்சை குளிர்காலத்திலை நான் விடிய எழும்பிப் பேக்கரி வாசலிலை பனி அள்ளுறனான். செருப்போடை நிண்டால் விரல் கழண்டிடும். கோட்டும் இல்லை. சேலை பறக்குது. எனக்குப் பாக்கக் குளிருது."

அவர் சிரிக்கிறாரா என்று மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். சிரிக்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அது கடதாசி," என்றேன்.

"தெரியும்." மூக்கை உறிஞ்சினார். "முதல் படமும் பாத்தனான். ஆடு நிக்கிற படமும் பாத்தனான். மூண்டிலையும் உங்கடை முகம் என்ரை சின்னி விரல் நகத்தளவுதான் இருக்கு. மலைதான் பெரிசு. மயிலின்ரை கண்ணைக் காணலாம், உங்கடை கண்ணைக் காணேல்லை. உங்களை ரோட்டிலை கண்டால் எனக்கு மட்டுக்கட்ட ஏலாது."

"உயரம் தெரிய வேணும் எண்டு கேட்டவையாம்."

"உயரத்தை வைச்சு நான் என்ன செய்யிறது? முகம் தெரியிற படம் ஒண்டு அனுப்புங்கோ. பின்னாலை ஒண்டும் வேண்டாம்."

இதைச் சொன்னதும் அண்ணி தலையில் கை வைத்தா. ஆம்பிளை முகத்தைக் கேட்கிறார் என்றால் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம் என்றா. படக்காரரிடம் போய், கிட்ட நின்று, முகத்துக்கு மெல்லிய வெளிச்சம் போட்டு, கண்ணுக்கு மை தீட்டி எடுக்கலாம் என்றா. பின்னால் ஒரு ரோஜாத் தோட்டம் மட்டும், சும்மா மங்கலாக.

வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஸ்தாசியோனேக்கு நடந்தேன். உள்ளே பெர்மெஸ்ஸோ விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கிற தானியங்கிப் பெட்டி நிற்கும். காசைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, சுழல்கிற முக்காலியில் இருக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு கானாக்காரர் தன் குழந்தையை மடியில் பிடித்து நேரே பார்க்க வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் முறை. வேலைக்குப் போட்டிருந்த அதே பிளவுஸ். கையில் குளோரின் வாசம். முக்காலி உயரம் எனக்குச் சரியாக இல்லை, எழும்பி எழும்பிச் சுழற்றினேன். திரைக்கு வெளியே ஒரு மனிதர் அவசரம் அவசரம் என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து வெளிச்சம் நாலு தடவை அடித்தது.

ஈரமாக வந்து விழுந்தது. நாலு சதுரத்தில் நாலு தடவை நான். கறுப்பாக, நெற்றி சுருங்கி, பொலிசார் தேடுகிற ஆள் மாதிரி. கண்ணுக்குக் கீழே இருக்கிற கோடு, ஊர் மயிலுக்கும் ஐயாவின் கோவிலுக்கும் பின்னால் மறைந்திருந்தது, அதில் தெளிவாக இருந்தது. வயது இருந்தது. பின்னால் இருந்தது கசங்கிய வெள்ளைத் திரை மட்டும்.

ஒன்றைக் கத்தரித்து, அண்ணாவின் கொப்பியில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையின் விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மிச்சத்தைப் பார்த்த அண்ணி கட்டிலில் இருந்துவிட்டா.

"இதையோ அனுப்பினனீ?"

"ஓம்."

"இதை ஆரும் கலியாணத்துக்கு அனுப்புவினமோ? கறுப்பா, கோபமா. வயசும் அப்பிடியே தெரியுது. நாங்கள் அவையளுக்கு என்ன வயசு சொன்னனாங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு வந்த ஞாயிறுகளில் தொலைபேசி அடிக்கவில்லை. அண்ணா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். பெரியம்மா கொழும்பில் இருந்து, மாப்பிள்ளையின் தாய் கோவிலில் கண்டும் காணாதமாதிரிப் போகிறா என்று சொன்னாவாம். நான் வேலைக்குப் போனேன், ஐயாவின் தூண்களைத் தூசு தட்டினேன், வந்தேன். படுக்கும்போது அந்த நாலு முகத்தை நினைப்பேன். ஒரு பக்கம், ஏன்தான் அனுப்பினேனோ என்று இருக்கும். இன்னொரு பக்கம், போனால் போகட்டும், அவர் பார்த்து வேண்டாம் என்றால் என்னைத்தானே வேண்டாம் என்றார், மலையை இல்லையே என்று இருக்கும். அதில் ஒரு சின்ன நிம்மதி இருந்ததை மறைக்க மாட்டேன்.

செப்டம்பர் முடிகிற நேரம், பூசைக்குப் போய் வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது அடித்தது. அண்ணாவும் பிள்ளைகளும் இன்னும் கோவில் முற்றத்தில், அண்ணி குசினியில். நானே எடுத்தேன்.

"படம் கிடைச்சது," என்றார். ஹலோகூடச் சொல்லவில்லை. "தனக்கு அனுப்பச் சொல்லி அம்மா சண்டை. நான் அனுப்பேல்லை."

"ஏன்?"

"அவ பின்னாலை என்ன இருக்கெண்டு பாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக. குசினிக்குள் அண்ணி மூடி ஒன்றைக் கீழே போட்டா.

"உங்கடை வயசை எங்களுக்குக் குறைச்சுச் சொல்லியிருக்கினம் போலை," என்றார்.

"ஓம் போலை."

"என்ரை வயசையும் உங்களுக்குக் குறைச்சுத்தான் சொல்லியிருப்பினம். கேட்டனீங்களோ?"

"இல்லை. உங்கடை படம் ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை."

தூரத்தில் தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்டது. பேக்கரியில் இருந்துதான் எடுத்தார் போல.

"படத்திலை கோபமா இருக்கிறீங்கள்."

"ஓம்."

"ஆரோடை?"

"படம் எடுக்கிறவையோடை எல்லாம்."

"அப்ப நான் படம் அனுப்பேல்லை. நத்தாருக்கு, டிசம்பரிலை, லீவு இருக்கு. வந்து முகத்தைக் காட்டிறன். வரட்டோ?"

"வாங்கோ," என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் அண்ணி கை துடைத்தபடி வந்து நின்றா.

"ஆர்? என்னவாம்?"

"நத்தாருக்கு வாறாராம்."

"ஆர் வரச் சொன்னது? கொண்ணாவைக் கேக்காமல் ஆர் வரச் சொன்னது?"

"நான்தான்," என்றேன்.